சொன்னது நடந்துவிட்டால் அவர் உண்மையான தீர்க்கதரிசியா?

கேள்வி: ஐயா, எங்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே சி.எஸ்.ஐ. சபை. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்கப்புறம் அம்மா தினமும் காலையில் டிவியில் வரும் ஓர் ஊழியரின் நிகழ்ச்சியைப் பார்க்க ஆரம்பித்தார். அவர்களுடைய ஜெப உதவி எண்ணுக்கும் அடிக்கடி போன் செய்வார். போன வருடம் பக்கத்து ஊரில் நடந்த கூட்டத்தில் அந்த ஊழியர் அம்மாவின் பெயரையும் எங்கள் தெருவையும் சொல்லி மேடையிலிருந்து கூப்பிட்டார். "உன் மகனுடைய வெளிநாட்டுக் காரியத்தில் ஒரு தடை இருக்கிறது, மூன்று மாதத்தில் உடையும்" என்றார். அம்மா சங்கிலியை அடகு வைத்து ஐம்பதாயிரம் ரூபாய் விதைக் காணிக்கை கொடுத்தார். இரண்டாம் மாதமே தம்பிக்கு விசா வந்துவிட்டது. இப்போது ஒரு லட்சம் கொடுத்து "உடன்படிக்கைப் பங்காளர்" ஆகச் சொல்கிறார்கள். நான் ஏதாவது கேட்டால், "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொட்டால் வீட்டுக்குச் சாபம் வரும்" என்று அம்மா அழுகிறார். எனக்கே பயமாகத்தான் இருக்கிறது. அவர் உண்மையானவரா, கள்ளரா? எப்படித் தெரிந்துகொள்வது?
(பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஊழியரின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அதை எடுத்துவிட்டேன். நான் நேரில் விசாரிக்காத ஒருவரைக் கள்ளர் என்று எழுதுவது முறையல்ல. ஆனால் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்த்து ஏமாறக்கூடாது என்று சொல்ல முடியும். முடிவை நீங்களும் அம்மாவும் சேர்ந்து எடுங்கள்.

முதலில் அந்தச் சாபப் பயம். அது இருக்கும்வரை மற்ற எதுவும் காதில் ஏறாது. "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமல்" என்ற வசனம் சங்கீதம் 105-ல் இருக்கிறது. அதற்கு முந்தின மூன்று வசனங்களை அம்மாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு வீட்டார் கொஞ்சம் பேராக, சொந்த நிலம்கூட இல்லாத பரதேசிகளாக ஊர் ஊராகப் போகிறார்கள். பார்வோனும் அபிமெலேக்கும் போன்ற ராஜாக்கள் நினைத்தால் அவர்களை நசுக்கிவிடலாம். அந்த ராஜாக்களைப் பார்த்துத்தான் கர்த்தர், "தொடாதே" என்கிறார். பலமில்லாதவர்களைப் பலசாலியிடமிருந்து காப்பாற்றிய வசனம் அது. பெரிய மேடையும் டிவி நேரமும் வைத்திருக்கிறவர் ஒரு விதவையின் வாயை அடைக்க அதை எடுத்துக்கொண்டால், வசனம் தலைகீழாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைக்கூட, அபிஷேகம் பெற்றவர் என்று தாவீது தொடவில்லை என்பார்கள். உண்மைதான், கொல்லவில்லை. ஆனால் குகையை விட்டு வெளியே வந்து, சவுலின் மூவாயிரம் சேவகர் கேட்க, "கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று நியாயம் விசாரிப்பாராக" என்கிற தொனியில் சத்தமாக முறையிட்டானே, அதை ஏன் யாரும் பிரசங்கிப்பதில்லை? பிறகு அந்தத் தாவீதே ராஜாவாகித் தப்பு செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேராகக் கேட்டார். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லார் முன்பும் எதிர்த்தார் என்று கலாத்தியர் 2-ல் இருக்கிறது. இப்படிக் கேட்டதற்காக இவர்களில் யார் வீட்டுக்கும் சாபம் வரவில்லை. இன்னொன்று, 1 யோவான் 2:20 விசுவாசிகள் எல்லாருமே பரிசுத்தராலே அபிஷேகம் பெற்றவர்கள் என்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் அம்மாவும் அபிஷேகம் பண்ணப்பட்டவர்தான். அவரை யார் தொடுகிறார்கள் என்றும் நாம் கேட்கலாம்.

சோதிப்பது பாவமில்லை, அது நமக்குக் கொடுக்கப்பட்ட வேலை. "அந்த ஆவிகள் தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியுங்கள்" என்று யோவான் எழுதியது போதகர்களுக்கு மட்டுமல்ல, முழுச் சபைக்கும். பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்கிறார். அதாவது தீர்க்கதரிசனம் சொல்லி முடித்தவுடன் கைதட்டு இல்லை, விசாரணைதான். பெரேயா ஊர்க்காரர்கள் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தை எடுத்துச் சரிபார்த்தார்கள். அவர்களை நற்குணசாலிகள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுகிறது. பவுலையே சோதிக்கலாம் என்றால் காலை ஆறரை மணி நிகழ்ச்சிக்காரரைச் சோதிக்கக்கூடாதா?

சரி, இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருவோம். விசா வந்துவிட்டதே, அது எப்படி?

உபாகமத்தில் இதைப் பற்றி இரண்டு இடங்கள் உண்டு. நம் ஆட்களுக்கு 18-ம் அதிகாரம் தெரியும்: தீர்க்கதரிசி சொன்னது நடக்கவில்லையென்றால் அது கர்த்தர் சொன்னதல்ல, "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்". இதைத் திருப்பிப்போட்டு, நடந்துவிட்டால் கர்த்தர் சொன்னதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அப்படி முடிவு கட்டாதே என்றுதான் 13-ம் அதிகாரம் இருக்கிறது. அங்கே தீர்க்கதரிசி ஓர் அடையாளம் சொல்கிறான், அது அப்படியே நடக்கிறது, ஆனாலும் அவனுக்குச் செவிகொடுக்கக்கூடாது என்கிறது. ஏனென்றால் அவன் ஜனங்களை எங்கே கூட்டிக்கொண்டு போகிறான் என்பதுதான் கேள்வி. மத்தேயு 7-லும் இதே கதைதான். உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் சொன்னோமே, பிசாசுகளைத் துரத்தினோமே, அற்புதங்கள் செய்தோமே என்று வருகிறவர்களிடம் இயேசு, நீங்கள் செய்தது பொய் என்று சொல்லவில்லை. "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்கிறார். அற்புதம் நடந்ததா என்பது அவருக்கு அளவுகோலாகவே இல்லை.

பெயரும் தெருவும் எப்படித் தெரிந்தது என்பது இன்னொரு விஷயம். அமெரிக்காவில் பீட்டர் போப்ஆஃப் என்ற டிவி சுவிசேஷகர் இருந்தார். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவர்களின் பெயர், முகவரி, வியாதி எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைப்பார். 1986-ல் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞரும் அவருடைய ஆட்களும் ரேடியோ ஸ்கேனருடன் கூட்டத்துக்குப் போனார்கள். போப்ஆஃபின் காதில் ஒரு சின்னக் கருவி. மக்கள் கூட்டத்துக்கு முன்னால் எழுதிக்கொடுத்த ஜெப விண்ணப்பங்களையும் பேச்சில் சொன்ன தகவல்களையும் வைத்துக்கொண்டு அவருடைய மனைவி அந்தக் கருவி வழியாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பதிவு ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சியில் ஒளிபரப்பானது. மறு வருடமே போப்ஆஃப் திவால் மனு போட்டார். இதில் எனக்கு அதிர்ச்சியான பகுதி இது இல்லை. சில வருடங்கள் கழித்து அதே பெயரோடு அவர் டிவிக்குத் திரும்பினார், மக்களும் திரும்பப் பணம் அனுப்பினார்கள்.

உங்கள் ஊர்க் கூட்டத்தில் நடந்ததும் அதேதான் என்று நான் சொல்லவில்லை. கர்த்தர் வெளிப்படுத்த வல்லவர். சமாரியப் பெண்ணின் வாழ்க்கையை இயேசு கிணற்றடியிலேயே சொன்னார். ஆனால் அம்மா ஜெப உதவி எண்ணுக்கு அடிக்கடி பேசுகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே போன் எடுப்பவர்கள் பெயர், ஊர், ஜெபக் குறிப்பு எல்லாம் எழுதி வைப்பது வழக்கம். நல்ல நோக்கத்தோடும் எழுதலாம். தம்பியின் விசா பற்றி அம்மா அவர்களிடம் முன்பே சொல்லியிருக்கிறாரா? கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னாரா? வாசலில் ஏதாவது படிவம் நிரப்பினாரா? குற்றம் சாட்டாமல், சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், விசாவில் தடை இருக்கிறது என்று யாருக்குச் சொன்னாலும் பொருந்தும். தடையில்லாமல் விசா வாங்கியவர்களை நான் பார்த்ததே இல்லை. அதே கூட்டத்தில் எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லப்பட்டது, அவர்களில் எத்தனை பேருக்கு வரவில்லை என்பது யாருக்கும் தெரியாது. விசா வராதவரைச் சாட்சி சொல்ல மேடைக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

இந்த இடத்தில் எரேமியா 28-ஐச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பும் நின்று, இரண்டு வருடத்துக்குள் பாபிலோன் கொண்டுபோன ஆலயப் பாத்திரங்களும் சிறைப்பட்டவர்களும் திரும்பிவிடுவார்கள் என்றார். கர்த்தருடைய நாமத்தில்தான் சொன்னார். அழகான வார்த்தை. எரேமியாவும் முதலில் சண்டைக்குப் போகவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றார். அவருக்கும் அது நடந்தால் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த அதிகாரத்தில் இருக்கிற, சிறைப்பட்டவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், எழுபது வருடம் ஆகும் என்றார். இரண்டு வருடம் என்கிறவரும் எழுபது வருடம் என்கிறவரும் பக்கத்துப் பக்கத்து மேடையில் நின்றால் கூட்டம் எங்கே சேரும் என்று உங்களுக்கே தெரியும். கள்ளப் போதகரைப் பற்றிப் பேசும்போது நாம் மேடையில் நிற்பவரைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். 2 தீமோத்தேயு 4-ல் பவுல் கேட்கிறவர்களின் செவித்தினவைப் பற்றியும், அதாவது காதுக்கு இனிப்பானதையே தேடும் ஆசையைப் பற்றியும் பேசுகிறார். மூன்று மாதத்தில் உடையும் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டுதான் நாம் போகிறோம்.

ஆனால் தவறாகச் சொன்ன எல்லாரும் கள்ளர்கள் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோபத்தில் இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. நமக்குப் பக்கத்திலேயே, திருவிதாங்கூரில் யுஸ்துஸ் யோசேப்பு என்ற போதகர் இருந்தார். தமிழ் பிராமணக் குடும்பத்திலிருந்து வந்தவர், நல்ல கவி. 1870-களில் அங்கே ஏற்பட்ட எழுப்புதலின் சூட்டில், 1881-ல் கிறிஸ்து வந்துவிடுவார் என்ற அறிவிப்பை அவரும் அவரோடு இருந்தவர்களும் நம்பினார்கள், அறிவித்தார்கள். வருடம் வந்தது, கிறிஸ்து வரவில்லை. அவர்கள் யுயோமய சபை என்று தனிக் கூட்டமாகிவிட்டார்கள். அந்தத் தீர்க்கதரிசனம் தவறு, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் எழுதிய பாட்டுகளை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன.

இன்னொருவரைப் பாருங்கள். தென்கொரியாவில் லீ ஜாங்ரிம் என்பவர் 1992 அக்டோபர் 28-ம் தேதி சபை எடுத்துக்கொள்ளப்படும், அதாவது விசுவாசிகள் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று அறிவித்தார். மக்கள் வேலையை விட்டார்கள், சொத்தை விற்று அவருடைய ஊழியத்துக்குக் கொடுத்தார்கள். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு போலீஸ் அவரை மோசடிக் குற்றத்தில் கைது செய்தது. அவர் வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் முதிர்வடையும் நாள் அக்டோபர் 28-க்குப் பிறகு இருந்தது. உலகம் முடியப்போகிறது என்று ஊருக்குச் சொன்னவர் தன் பணத்தை மட்டும் அடுத்த வருடத்துக்குப் போட்டு வைத்திருக்கிறார். இருவரும் தேதியில் தவறினார்கள். ஒருவர் தான் சொன்னதைத் தானே நம்பினார். மற்றவரின் பத்திரங்கள் என்ன சொல்கின்றன என்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊழியர் விஷயத்திலும் நாக்கை விடப் பணம் தெளிவாகப் பேசும்.

அதனால் பணத்துக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்போஸ்தலர் காலத்தை ஒட்டி எழுதப்பட்ட ஒரு சிறு ஒழுங்கு நூல் உண்டு, திதாகே என்று பெயர். பல நூற்றாண்டுகள் காணாமல் போயிருந்தது. 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியில் கிடைத்தது. அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போகும் தீர்க்கதரிசிகள் இருந்தார்கள். அவர்களைச் சபை மிகவும் மதித்தது. ஆவியில் பேசிக்கொண்டிருக்கும்போது சோதிக்காதே என்றுகூட அந்த நூல் சொல்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு உடனே, ஆவியில் பேசுகிற எல்லாரும் தீர்க்கதரிசிகள் இல்லை, கர்த்தருடைய நடத்தை உள்ளவனே தீர்க்கதரிசி என்கிறது. அந்த நடத்தையை எப்படிப் பார்ப்பது? வந்த அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத்தீர்க்கதரிசி. போகும்போது வழிக்கு ரொட்டி கொடு, பணம் கேட்டால் கள்ளன். ஆவியில் இருக்கும்போது, "எனக்குப் பணம் கொடு" என்று சொன்னால் அவனுக்குச் செவிகொடுக்காதே. இல்லாமையில் இருக்கும் வேறு யாருக்காகவாவது கேட்டால் அவனைக் குறை சொல்லாதே. கிறிஸ்துவை வைத்து வியாபாரம் செய்கிறவர்களிடமிருந்து விலகியிரு என்றும் எச்சரிக்கிறது. அதே நூல், ஊரில் தங்கி உழைக்கும் உண்மையான தீர்க்கதரிசிக்கு முதற்பலனை, அதாவது விளைச்சலின் முதல் பங்கைக் கொடு என்றும் சொல்கிறது. ஊழியருக்குக் கொடுப்பதை அது தடுக்கவில்லை. பணம் கேட்கும் இடத்தையும் விதத்தையும்தான் பார்க்கச் சொல்கிறது. அந்த ஆரம்ப காலத்திலும் மக்களுக்கு இந்தத் தலைவலி இருந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாகக்கூட இருக்கிறது.

"விதைக் காணிக்கை" என்று இன்று கேட்கிற போதனை, அமெரிக்க டிவி ஊழியரான ஓரல் ராபர்ட்ஸ் பரப்பியது. கொடு, அது பெருகித் திரும்பி வரும் என்பது சாராம்சம். 1987-ல் அவர், எண்பது லட்சம் டாலர் சேராவிட்டால் தேவன் தன்னைப் பரலோகத்துக்கு அழைத்துக்கொள்வார் என்று சொல்லிக் காணிக்கை கேட்டது உலகச் செய்தியானது. இதே வழியில் நின்ற கென்னத் ஹேகின், இந்தப் போதனையின் பிதாக்களில் ஒருவர், கடைசிக் காலத்தில் 2000-ம் வருடம் ஒரு புத்தகமே எழுதி, நூறு மடங்கு திரும்ப வரும் என்று சொல்லிப் பணம் வாங்குவது தவறு என்று எச்சரித்தார். அந்தப் புத்தகத்தை நம் ஊர் மேடைகளில் யாரும் எடுத்துக்காட்டுவதில்லை.

இந்தப் போதனைக்கு ஆதாரமாக எடுப்பது 2 கொரிந்தியர் 9, பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான் என்ற இடம். அது எதற்கான காணிக்கை? எருசலேமில் பசியில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காக. பவுலின் கைக்கு ஒரு காசும் போகவில்லை. அடுத்த வசனத்திலேயே "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று இருக்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்தில் பவுல், இந்தப் பணத்தில் யாரும் எங்கள்மேல் குறை சொல்லாதபடி, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனிதர்களுக்கு முன்பாகவும் ஒழுங்காக இருக்கப் பார்க்கிறோம் என்று எழுதி, சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களையும் கூட அனுப்புகிறார். பவுல் கணக்கு காட்டினார். உங்கள் ஊழியரும் காட்டலாம். "கர்த்தருக்கு மட்டுமே கணக்குக் கொடுப்பேன்" என்கிறவர் பவுலை விடப் பெரியவர் ஆகிவிட்டார்.

அடுத்தது விதவையின் இரண்டு காசு. காணிக்கை நேரத்தில் இதைக் கேட்காதவர் யாருமில்லை. மாற்கு 12-ஐத் திறந்து, அந்தக் கதைக்குச் சற்று மேலே பாருங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். அடுத்த காட்சியில் ஒரு விதவை வந்து தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்த எல்லாவற்றையும் பெட்டியில் போடுகிறாள். இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். அவளுடைய மனதை இயேசு மெச்சினார். அவளிடமிருந்து வாங்கிக்கொண்டவர்களைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது நாலு வசனத்துக்கு முன்பே இருக்கிறது. சங்கிலியை அடகு வைத்த உங்கள் அம்மாவை நான் குறையாகவே நினைக்கவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

"உடன்படிக்கைப் பங்காளர்" என்ற பெயர்தான் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது. திருவிருந்து ஞாயிறு ஒவ்வொன்றிலும் அம்மா கேட்கும் வார்த்தை அது: என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை. அது ஏற்கெனவே செய்யப்பட்டாயிற்று. விலையும் கொடுத்தாயிற்று. ஒரு லட்சத்துக்கு இன்னொன்று எங்கிருந்து வந்தது? கள்ளப் போதகரின் உபதேசத்தைச் சோதிப்பது என்றால் திரித்துவத்தை ஒத்துக்கொள்கிறாரா, இயேசு மாம்சத்தில் வந்தார் என்கிறாரா என்று பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் இன்றைக்கு டிவியில் வருபவர்களில் பெரும்பாலோர் அந்தப் பரீட்சையில் சுலபமாகத் தேறிவிடுவார்கள். விசுவாசப் பிரமாணத்தைத் தடுமாறாமல் சொல்வார்கள். அதனால் அங்கேயே நின்றுவிடாமல், அம்மாவுக்கும் கிறிஸ்துவுக்கும் நடுவில் யார் வந்து நிற்கிறார் என்று பாருங்கள். "என் ஜெபம், நான் அபிஷேகித்த எண்ணெய், என் ஜெப கோபுரம், என்னோடு பங்காளர் ஆனால்தான்" என்று பேச்சு போனால், தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தர் ஒருவரே என்ற 1 தீமோத்தேயு 2:5 அங்கே காலியாகிவிட்டது. சிலுவை, மனந்திரும்புதல், பாவமன்னிப்பு என்ற வார்த்தைகள் ஒரு மாத நிகழ்ச்சியில் எத்தனை தடவை வருகின்றன, கடன், விசா, வேலை, வீடு எத்தனை தடவை வருகின்றன என்று கவனித்துப் பாருங்கள்.

கனியைப் பார்க்கச் சொன்னார் இயேசு. டிவியில் கனி தெரியாது, இலைதான் தெரியும். 1 தீமோத்தேயு 3 சபையை மேற்பார்க்கும் கண்காணிக்குக் கேட்கிற தகுதிகளில் பெரும்பாலானவை, கோபக்காரனா, பணஆசை உள்ளவனா, தன் வீட்டை எப்படி நடத்துகிறான், வெளியார் அவனைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பவை. பக்கத்தில் வாழ்கிறவர்களுக்குத்தான் இது தெரியும். அந்த ஊழியரின் கார் ஓட்டுநருக்குத் தெரியும், அவரிடம் வேலை செய்து விலகியவர்களுக்குத் தெரியும். அப்படி விலகிய யாராவது கிடைத்தால் பேசிப் பாருங்கள். எல்லாரையும் "பின்வாங்கிப்போனவர்கள்", "யூதாஸ்" என்று முத்திரை குத்தியிருந்தால் அதுவே ஒரு தகவல்.

இது பெந்தெகொஸ்தே, பாரம்பரியச் சபை என்ற சண்டை இல்லை. அந்நிய பாஷை பேசுகிற, கை தட்டிப் பாடுகிற, கிராமத்துத் தகரக் கொட்டகையில் பட்டினியோடு ஊழியம் செய்கிற நேர்மையான பாஸ்டர்கள் பலரை எனக்குத் தெரியும். வெள்ளை அங்கியும் ஆயர் பட்டமும் யாரையும் நல்லவராக்கி விடாது என்பதும் தெரியும். நம் சபைகளின் சொத்துத் தகராறுகள் கோர்ட் வரை போனதை ஊரே பார்த்தது. அங்கேயும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

இனி அம்மாவிடம் எப்படிப் பேசுவது. "ஏமாந்துட்டீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வார்த்தை அவரை அந்த ஊழியரிடம் இன்னும் ஒட்டவைக்கும். அப்பா போன பிறகு அம்மாவிடம் வாரா வாரம், "எப்படி இருக்கீங்கம்மா" என்று கேட்டவர்கள் யார்? அந்த ஜெப உதவி எண்ணில் பேசிய யாரோ ஒரு பெண்பிள்ளை. அவள் உண்மையாகவே கண்ணீரோடு ஜெபித்திருக்கலாம். நம் சபைப் போதகரான சேகரகுரு எத்தனை தடவை வீட்டுக்கு வந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "விசா வந்ததுக்குக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லுவோம். அந்த ஒரு லட்சத்தைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கடிதம் எழுதி ரெண்டு விஷயம் கேட்போம். பதில் வந்ததும் முடிவு பண்ணுவோம்." கடிதத்தை அம்மா கையெழுத்திலேயே, மரியாதையாக, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். போன வருடம் கொடுத்த ஐம்பதாயிரத்துக்கு ரசீது வேண்டும் என்று கேளுங்கள். அறக்கட்டளையின் அறங்காவலர்கள் யார் யார், தணிக்கை செய்த வரவு செலவு அறிக்கை கிடைக்குமா என்று கேளுங்கள். ஜிபேயில் அனுப்பியிருந்தால் திரையில் வந்த பெயர் அறக்கட்டளையுடையதா, தனி மனிதருடையதா என்று பழைய பதிவில் பார்க்கலாம். அறங்காவலர்கள் எல்லாரும் கணவன், மனைவி, மகன், மருமகள் என்றால் அவரைத் திருத்த அங்கே ஆள் இல்லை.

என் அனுபவத்தில் இந்தக் கடிதம்தான் எல்லாவற்றையும் விட நல்ல சோதனை. நேர்மையான ஊழியம் என்றால் தாமதமாகவாவது பதில் வரும். சிலசமயம் நன்றி சொல்லிக்கூட வரும். மற்ற வகைப் பதில்கள் எனக்குப் பழக்கமானவை: "சகோதரி, சந்தேகம் என்கிற ஆவி உங்களைப் பிடித்திருக்கிறது", "உங்கள் ஆசீர்வாதத்தை இழந்துவிடாதீர்கள்", "குடும்பத்தில் யாரோ உங்களைத் தடுக்கிறார்கள்". கேள்வி கேட்டவரிடமே குற்றத்தைத் திருப்பும் பதில் வந்தால், நான் தொடக்கத்தில் எழுத மறுத்த அந்தத் தீர்ப்பை அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அம்மாவே வாசிக்கட்டும். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்து, மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால், அன்றைக்கே தலையிடுங்கள். வீட்டாரை விட்டு, சொந்தச் சபையை விட்டுப் பிரிந்து வரச் சொன்னாலும் அப்படித்தான். கென்யாவில் ஷகாஹோலா காட்டுக்குள் ஒரு போதகரின் பேச்சைக் கேட்டுப் போன குடும்பங்கள், இயேசுவைச் சந்திக்கப் பட்டினி கிடந்து செத்தன. 2023-ல் நானூறுக்கும் அதிகமான உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். அங்கும் முதல் படி மருத்துவமனை வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம், வெளியார் தொடர்பு வேண்டாம் என்பதுதான்.

நகைக் கடன் எந்த வங்கியில், எப்போது தவணை முடிகிறது என்று இந்த வாரமே பாருங்கள். ஏலத்துக்குப் போகவிடாதீர்கள். தம்பியின் முதல் சம்பளத்தில் அந்தச் சங்கிலியை மீட்டு அம்மா கழுத்தில் போடச் சொல்லுங்கள், அதையும் ஸ்தோத்திரக் காணிக்கையாகவே நினைத்துக்கொள்ளலாம். தம்பி எந்த மாதம் கிளம்புகிறார் என்று நீங்கள் சொல்லவில்லை. அவர் போன பிறகு அம்மா வீட்டில் தனியாக இருப்பார் என்றால், அதற்கு முன்பே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அம்மாவுக்குப் பழக்கமான யாரையாவது சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வரச் சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் சேகரகுருவிடமும் நேரில் பேசுங்கள். அவர் தயங்கினால் எனக்கு எழுதுங்கள், நானே அவருக்குப் போன் செய்கிறேன்.